பணியாரச் சட்டியும் சிப்பிப்பாறையும்

அன்புள்ள சார்,

கோவையில் மூன்றாவது மாடி ஃபிளாட்டில் இருக்கிறோம். நானும் மனைவியும் காலை எட்டரைக்குக் கிளம்பினால் வீடு திரும்ப ஆறு மணி. எங்கள் சிப்பிப்பாறை நாய் முத்துவுக்கு இரண்டு வயது. தனியாக இருக்கும்போது சோபாவைக் கிழிக்கிறான். கதவுக்கு உள்பக்கம் போட்டிருக்கும் மிதியடியையும் கிழிக்கிறான், இப்போது கிடப்பது மூன்றாவது. வாங்கிப்போட்ட பொம்மைகளைத் திரும்பியும் பார்ப்பதில்லை. டிவியைப் போட்டுவிட்டுத்தான் போகிறோம். துணைக்கு இன்னொரு நாய் வாங்கலாமா? 'காட்டில் ஓட வேண்டியதை ஃபிளாட்டில் அடைத்தது பாவம்' என்கிறார் அப்பா.

ஆர்

அன்புள்ள ஆர்,

இரண்டாவது நாயை இப்போதைக்கு விடுங்கள். சோபாவுக்கு எதிரி இரண்டாகிவிடும்.

சோபா என்னைப் பயமுறுத்தவில்லை, கதவருகே கிடக்கும் மிதியடிதான் யோசிக்க வைக்கிறது. சலித்துப்போன நாய் கொஞ்சம் தூங்கும், எழுந்து சுற்றும், அப்புறம் கையில் கிடைத்ததைக் கிழிக்கும். பயந்த நாய் அப்படியில்லை. கதவு சாத்திய சில நிமிடங்களிலேயே மூச்சிரைக்கும், எச்சில் ஒழுகும், கதவைப் பிறாண்டும். பிடித்த கறித்துண்டு முன்னால் கிடந்தாலும் தொடாது. ஒரு பழைய மொபைலை வாசலைப் பார்த்து வீடியோவில் வைத்துவிட்டுப் போங்கள். அதில் தெரிவது பயம் என்றால் நான் கீழே சொல்லும் விளையாட்டுகள் எதுவும் உதவாது. கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். அவனை ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்று தனிமைக்குப் பழக்க வேண்டியிருக்கும்.

சலிப்புதான் என்றால், அப்பா சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. கரிசல் காட்டில் முயல் விரட்டிய இனம் அது. ஆனால் முத்து இழந்தது காட்டை மட்டும் இல்லை, வேலையையும். சாப்பாடு கிண்ணத்தில் வருகிறது, இரண்டு நிமிடத்தில் காலி. மீதி ஒன்பது மணி நேரம் அவன் என்ன செய்வான்?

அதனால் கிண்ணத்தை எடுத்துவிட்டு, சாப்பாட்டைத் தேட விடுங்கள். பணியாரச் சட்டியின் குழிகளில் தீனியைப் போட்டு ஒவ்வொன்றையும் டென்னிஸ் பந்தால் மூடுங்கள். பழைய துண்டில் தூவி, பாய் சுருட்டுவது போலச் சுருட்டுங்கள். பார்சல் அட்டைப்பெட்டிக்குள் கசக்கிய பேப்பரோடு போடுங்கள். (எங்கள் வீட்டு நாய்க்கிழவி முதல் நாளே சட்டியைக் கவிழ்த்துவிட்டாள். அதுவும் விடைதானே!) ஆனால் பந்து, துணி, அட்டை எல்லாம் நீங்கள் வீட்டில் இருக்கும்போது மட்டும். விழுங்கினால் ஆபரேஷன் வரை போகும்.

நீங்கள் கிளம்பும்போது கொடுக்க, நடுவில் குழியுள்ள கெட்டி ரப்பர் பொம்மைதான் சரி. அதில் உப்பில்லாத தயிர்சாதத்தை அடைத்து ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். நக்கி முடிக்க நேரமாகும். வெங்காயம் கிடந்த சாம்பார் சாதமும், திராட்சை விழுந்த பாயசமும் வேண்டவே வேண்டாம், இரண்டும் நாய்க்கு விஷம். மற்ற பொம்மைகளைப் பீரோவில் பூட்டிவிட்டு நாளுக்கு ஒன்றாக எடுங்கள். தினமும் கண்ணில் படும் பொம்மை அவனுக்கு மேஜை நாற்காலி மாதிரி.

காலை நடையில் அவசரப்படுத்தாதீர்கள். ஒவ்வொரு கம்பத்தையும் மோந்து பார்க்கட்டும், அதுதான் அவனுக்குப் பேப்பர் படிப்பது. 2019இல் டுரான்டன், ஹோரோவிட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். சில நாய்கள் இரண்டு வாரம் மோப்பம் பிடித்துத் தேடின. மற்றவை எஜமானரின் காலோடு ஒட்டி நடக்கப் பழகின. பிறகு, தீனி இருக்குமா இருக்காதா என்று புரியாத இடத்தில் ஒரு கிண்ணத்தை வைத்தார்கள். மோப்பம் பிடித்த நாய்கள் முன்பைவிட வேகமாக அதை நோக்கிப் போயின. மற்றவற்றில் அந்த மாற்றம் இல்லை. கிண்ணத்தில் ஏதாவது இருக்கும் என்ற நம்பிக்கை மோப்பம் பிடித்த நாய்களுக்கு வந்திருந்தது என்றுதான் இதைப் புரிந்துகொள்கிறார்கள்.

இவன் கண்ணால் வேட்டையாடும் இனம் என்பதால் இன்னொன்று. கம்பு நுனியில் கயிறு கட்டி, அதில் ஒரு துணியை முடிந்து, மாலையில் கைப்பிடிச்சுவர் உயரமான மொட்டைமாடியில் பத்து நிமிடம் விரட்ட விடுங்கள். கடைசியில் அவன் பிடித்தே ஆக வேண்டும், இல்லையென்றால் வெறிதான் மிஞ்சும். பால்கனியைத் திறந்து வைக்காதீர்கள். கீழே பூனை ஓடினால் இவன் மூன்றாவது மாடி என்று யோசிக்க மாட்டான்.

டிவி ஓடினால் லிஃப்ட் சத்தத்தை மறைக்கும், அவ்வளவுதான்.

ஒன்பதரை மணி நேரம் நிஜமாகவே அதிகம். ஸ்வீடனில் பகலில் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது நாயை வெளியே விட வேண்டும் என்று அரசே சொல்கிறது. மதியம் ஒரு கால் மணி நேரம் யாராவது வந்து அவனைக் கீழே கூட்டிப் போக வேண்டும். அப்பா பக்கத்தில் இருந்தால் அவரையே கேளுங்கள், பாவம் என்று சொன்னவர் அவர்தானே.

நான்காவது மிதியடி வாங்குவதற்கு முன் அந்த வீடியோவை எடுத்துவிடுங்கள். முதல் அரைமணி நேரத்தில் முத்து என்ன செய்தான் என்று எழுதுங்கள்.