கதிர் முற்றும்போது வரும் வெள்ளம்

அன்புள்ள ஐயா,

இன்றைய தெற்கு இராக்கில் பண்டைக் காலத்தில் வாழ்ந்த சுமேரியர் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். இரண்டு ஆறுகளும் ஆண்டுதோறும் வண்டலைக் கொண்டுவந்து கொட்டின, அதனால் நகரங்கள் எழுந்தன என்றுதான் பள்ளியில் படித்தோம். எகிப்துக்கு நைல் செய்ததைத்தானே யூப்ரடீஸும் டைக்ரிஸும் சுமேருக்குச் செய்தன? அப்படியானால் சுமேரியரின் உர் நகரம் இன்று பாலையில் கிடப்பது ஏன்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நைலோடு சேர்த்துப் பேசும்போது சுமேரிய விவசாயிக்கு நாம் பெரிய அநியாயம் செய்துவிடுகிறோம். நைலில் கோடையின் கடைசியில் வெள்ளம் வரும். அது வடிந்ததும் ஈர வண்டலில் விதைத்துவிடலாம். தெற்கு இராக்கில் எல்லாம் தலைகீழ். பார்லி விதைக்கும் இலையுதிர் காலத்தில் ஆறு வற்றிக் கிடக்கும். வடக்கே மலைகளில் பனி உருகி வெள்ளம் வருவது ஏப்ரல், மே மாதங்களில், கதிர் முற்றி அறுவடைக்கு நிற்கும்போது! மழையை நம்பலாமா என்றால், ஆண்டுக்கு 200 மில்லிமீட்டர்கூடப் பெய்யாத பூமி அது.

அந்த நாட்டுக்குச் சோறு போட்டது மண்வெட்டிதான். வண்டல் படிந்து படிந்து ஆற்றுப்படுகை சுற்றியுள்ள வயல்களைவிட உயர்ந்துவிடும். மடையைத் திறந்தால் தண்ணீர் தானாக இறங்கும், அது வசதி. கரை உடைந்தால் அதே தண்ணீர் விளைச்சலை அடித்துக்கொண்டு போய்விடும். வாய்க்காலையும் வண்டல் விடாது. தூர் வாராமல் போட்டால் மேடாகிவிடும். வாய்க்கால் வெட்டியதையே ஓர் ஆண்டுக்குப் பெயராகச் சூட்டிய மன்னர்கள் இருந்தார்கள் என்றால், அந்த வேலையின் மதிப்பு புரியும். லகாஷ், உம்மா என்ற பக்கத்துப் பக்கத்து நகரங்கள் எல்லை வயலுக்கும் வாய்க்கால் நீருக்கும் தலைமுறை தலைமுறையாக அடித்துக்கொண்டன. கி.மு. 2450 வாக்கில் லகாஷ் மன்னன் எயன்னாத்தும் நாட்டிய வெற்றிக்கல்லின் துண்டுகள் இன்று பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. செத்த வீரர்களின் தலைகளைக் கழுகுகள் கவ்விக்கொண்டு பறக்கின்றன, அதில். ஒரு வயல் தகராறுக்கு!

சரி, பாலைக்கு வருகிறேன். ஆற்றுநீரில் கொஞ்சம் உப்பு உண்டு. நிலம் தட்டையானது, வடிகால் கிடையாது. பாய்ச்சிய நீர் கீழே தேங்கி, நிலத்தடி நீர்மட்டம் மேலேறும். வெயில் நீரை உறிஞ்சிக்கொள்ள, உப்பு மட்டும் மேல்மண்ணில் வெள்ளையாகப் பூத்து நிற்கும். நாம் களர் என்போமே, அதேதான். கோதுமை உப்பைத் தாங்காது, பார்லி ஓரளவு தாங்கும். காலம் போகப்போகத் தெற்கே கோதுமை குறைந்து பார்லியே மிஞ்சியதற்கு உப்புதான் காரணம் என்று ஆய்வாளர்கள் ஜேக்கப்சனும் ஆடம்ஸும் 1958இல் எழுதினார்கள். அவர்கள் அதைப் பெரிதுபடுத்திவிட்டார்கள் என்று பின்னால் மறுத்தவர்களும் உண்டு. ஆனால் அந்த மக்களுக்கு உப்பு நன்றாகவே தெரியும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆண்டுவிட்டு ஆண்டு நிலத்தைத் தரிசாகப் போட்டு ஆறவிட்டார்கள். பின்னால் வந்த பாபிலோனியர் எழுதிய வெள்ளக் காவியத்தில், தெய்வங்கள் மனிதர்களைப் பஞ்சத்தால் வாட்டும் இடத்தில், கருத்த வயல்கள் வெளுத்துப்போய்ச் சமவெளி உப்பை ஈன்றது என்று வருகிறது. வயலைப் பார்த்து வயிறு எரிந்தவன்தான் அப்படிச் சொல்லியிருக்க முடியும்.

உர் நகரத்துக்கு இன்னொரு அடியும் விழுந்தது. இரண்டு படகுத்துறைகள் வைத்திருந்த ஊர் அது. யூப்ரடீஸ் தடம் மாறி விலகிப் போய்விட்டது. வாய்க்கால் எடுக்க ஆறே பக்கத்தில் இல்லாதபோது, அங்கே யார் இருப்பார்கள், சொல்லுங்கள்.

அன்புடன்.