சோயா சாப்பிடலாமா? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

போன வாரம் மீல் மேக்கர் என்ற சோயா உருண்டையைப் பற்றி இரண்டு வரி எழுதியதற்கே இத்தனை கேள்விகள். முடிந்த வரை எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை, உணவியல் ஆலோசகர். மாத்திரையின் அளவைக் கூட்டுவது, குறைப்பது, நிறுத்துவதெல்லாம் உங்கள் டாக்டரிடம் கேட்க வேண்டிய விஷயம்.

அக்கா, எனக்குத் தைராய்டு இருக்கிறது. இனி வாழ்நாளில் சோயாவைத் தொடவே கூடாது என்கிறார்கள். உண்மையா? (வாசகி, கரூர்)

இல்லைம்மா. சோயா தைராய்டு சுரப்பியைக் கெடுத்துவிடும் என்பது, உடம்பில் அயோடின் போதுமான அளவு இருப்பவர்களுக்குப் பொருந்தாது. 1950களில் அமெரிக்காவில் சோயா மாவுப் பால் மட்டுமே குடித்து வளர்ந்த சில குழந்தைகளுக்குக் கழுத்து வீங்கியது. அந்தப் பாலில் அயோடின் சேர்க்கப்படவில்லை. சேர்த்த பிறகு பிரச்சினை தீர்ந்தது. வீட்டில் அயோடின் உப்புதானே போடுகிறீர்கள்? அந்தப் பயம் வேண்டாம்.

கவனிக்க வேண்டியது வேறு. நீங்கள் காலையில் போடும் தைராக்ஸின் மாத்திரை குடலில் சரியாக உறிஞ்சப்படுவதைச் சோயா தடுக்கும். மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போடுங்கள், சோயா எதுவானாலும் நான்கு மணி நேரம் கழித்து வைத்துக்கொள்ளுங்கள். காலை ஆறு மணிக்கு மாத்திரை, மதியம் மீல் மேக்கர் குழம்பு என்றால் ஒரு தொந்தரவும் இல்லை. என்னிடம் வந்த ஒரு அம்மா மாத்திரையைச் சோயா பாலோடு விழுங்கிக்கொண்டிருந்தார். தைராக்ஸின் போதவில்லை என்பதைக் காட்டும் டிஎஸ்எச் ரத்த அளவு ஏறிக்கொண்டே போனது, மாத்திரையின் அளவும் இரண்டு முறை கூட்டப்பட்டது. எதோடு விழுங்குகிறீர்கள் என்று யாரும் அவரைக் கேட்கவில்லை.

ஜிம்முக்குப் போகிறேன். தினமும் 100 கிராம் மீல் மேக்கர் சாப்பிடுகிறேன். மார்பு பெண்களைப் போல ஆகிவிடும், ஆண்மை போய்விடும் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். (வயது 23, சென்னை)

தம்பி, இதே கேள்வி பதினோரு பேரிடமிருந்து வந்திருக்கிறது. எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே விரிவாகச் சொல்லிவிடுகிறேன்.

சோயாவில் ஐசோஃபிளேவோன் என்ற பொருள் இருக்கிறது. அதன் வடிவம் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனைப் போல இருப்பதால் 'தாவர ஈஸ்ட்ரோஜன்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பயத்துக்கெல்லாம் அந்தப் பெயர்தான் காரணம். நம் உடம்பின் ஈஸ்ட்ரோஜனோடு ஒப்பிட்டால் அதன் வேலை மிகவும் பலவீனமானது. ஆண்களை வைத்துச் செய்த ஆய்வுகளை எல்லாம் தொகுத்து 2010லும் பிறகு 2021லும் அலசினார்கள். சோயா சாப்பிட்டவர்களுக்கு ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் அளவு குறையவில்லை.

மார்பு வளர்ந்த கதை எங்கிருந்து வந்தது? 2008ல் அறுபது வயதுக்காரர் ஒருவரைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார்கள். அவர் தினமும் மூன்று லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகச் சோயா பால் குடித்துக்கொண்டிருந்தார். அதை நிறுத்தியதும் சரியாகிவிட்டது. ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் எதைக் குடித்தாலும் உடம்பு ஏதாவது ஒரு வழியில் எதிர்ப்புக் காட்டத்தான் செய்யும்.

அதே 2008ல் குழந்தைப்பேறு சிகிச்சைக்கு வந்த ஆண்களிடம் நடந்த ஓர் ஆய்வில், சோயா அதிகம் சாப்பிட்டவர்களுக்கு விந்தணுக்களின் அடர்த்தி குறைவாக இருந்தது. அவற்றின் அசைவிலும் அமைப்பிலும் வித்தியாசம் இல்லை. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். குழந்தைக்காகச் சிகிச்சையில் இருப்பவர்கள் அளவோடு இருங்கள்.

இப்போது உங்கள் 100 கிராமுக்கு வருவோம். உலர்ந்த மீல் மேக்கர் 100 கிராமில் சுமார் 52 கிராம் புரதம் இருக்கிறது. நம் நாட்டு ஊட்டச்சத்து நிறுவனம் சொல்லும் கணக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். அறுபது கிலோ ஆளுக்கு ஐம்பது கிராம் போதும், உடற்பயிற்சி செய்தால் இன்னும் கொஞ்சம். ஒரு நாளின் மொத்தப் புரதத்தையும் ஒரே பொருளிலிருந்து எடுப்பதைத்தான் நான் ஆட்சேபிக்கிறேன். 30 கிராம் மீல் மேக்கர், இரண்டு முட்டை, ஒரு கிண்ணம் சுண்டல், தயிர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். வயிறு உப்புசமும் குறையும்.

டப்பாவில் வரும் சோயா புரதப் பவுடர், ஐசோஃபிளேவோன் மாத்திரை இரண்டும் வேண்டாம். இதை இன்னும் பல முறை சொல்வேன்.

மாதவிடாய் நிற்கும் வயது. உடம்பு திடீர் திடீரென்று கொதிக்கிறது. சோயா மாத்திரை வாங்கலாமா? (வாசகி, நாகர்கோவில்)

மாத்திரை வேண்டாம். உணவாகச் சாப்பிடுங்கள். சிலருக்கு அந்தச் சூடு ஓரளவு குறைகிறது, சிலருக்கு ஒன்றும் தெரிவதில்லை. சோயாவின் ஐசோஃபிளேவோனை ஈக்குவால் என்ற பொருளாக மாற்றும் பாக்டீரியா எல்லோர் குடலிலும் இருப்பதில்லை. இந்த வித்தியாசத்துக்கு அது ஒரு காரணமாக இருக்கலாம். இரண்டு மூன்று மாதம் சாப்பிட்டுப் பாருங்கள்.

மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடிந்து இரண்டு வருடம் ஆகிறது. டோஃபு (சோயா பன்னீர்) சாப்பிட்டால் திரும்ப வருமா? பயத்தில் சோயா சாஸ்கூடத் தொடுவதில்லை. (பெயர் வேண்டாம்)

உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு வெகுநேரம் யோசித்தேன். ஷாங்காயில் மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைத் தொடர்ந்து கவனித்து, 2009ல் முடிவுகளை வெளியிட்டார்கள். சோயா உணவு அதிகம் சாப்பிட்டவர்களுக்கு நோய் திரும்புவதும் இறப்பும் குறைவாகவே இருந்தன. சோயாதான் காப்பாற்றியது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் சோயா உணவு தீங்கு செய்யும் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை. அமெரிக்கப் புற்றுநோய் சங்கமும் சோயா உணவு பாதுகாப்பானது என்றுதான் சொல்கிறது. டோஃபு பொரியல் தாராளமாகச் சாப்பிடுங்கள். ஐசோஃபிளேவோன் மாத்திரையைத் தொடாதீர்கள். அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது உங்கள் டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், மனது இன்னும் லேசாகும்.

மீல் மேக்கர் என்பது எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சும் புண்ணாக்கு. மாட்டுக்குப் போடுவதை மனிதர்களைச் சாப்பிடச் சொல்வது நியாயமா? (மரச்செக்கு வைத்திருப்பவர், பொள்ளாச்சி)

ஐயா, நீங்கள் சொல்வதில் பாதி உண்மை. சோயாவைத் தோல் நீக்கி, அவல் போலத் தட்டையாக்கி, ஹெக்சேன் என்ற கரைப்பானால் எண்ணெயைப் பிரிக்கிறார்கள். மிஞ்சுவதைச் சூடாக்கிக் கரைப்பானை ஆவியாக்கி, மாவாக அரைக்கிறார்கள். அந்த மாவில் தண்ணீர் சேர்த்து, அழுத்தமும் சூடும் கொடுத்து ஒரு துளை வழியாகத் தள்ளும்போது, உள்ளே இருக்கும் நீர் சட்டென்று ஆவியாகி மாவு உப்பிவிடுகிறது. உலர்ந்த உருண்டை ஒன்றை உடைத்துப் பாருங்கள், உள்ளே தேனடை மாதிரி பொந்து பொந்தாக இருக்கும். ஊற வைத்ததும் பஞ்சு போல ஆவது அதனால்தான்.

புண்ணாக்கு என்ற பெயருக்காக ஒரு பொருளை ஒதுக்க மாட்டேன். என் அம்மாச்சி ஊரில் எள் ஆட்டும்போது கருப்பட்டி சேர்ப்பார்கள். செக்கிலிருந்து எடுத்த எள்ளுப் புண்ணாக்கு சூடாக, இனிப்பாக, விரலில் எண்ணெய் ஒட்டும்படி இருக்கும். நாங்கள் கை நீட்டி வாங்கித் தின்றுதான் வளர்ந்தோம். செக்கு வைத்திருக்கும் உங்களுக்கு இது தெரியாமல் இருக்காது. சோயாவில் எண்ணெயோடு கொழுப்பும் அதில் கரையும் சத்துகளும் போய்விடும், புரதமும் நார்ச்சத்தும் தங்கிவிடும்.

செக்குப் புண்ணாக்கும் பெட்ரோலில் கழுவிய புண்ணாக்கும் ஒன்றா, அம்மா? (அவரே மீண்டும்)

ஒன்றல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஹெக்சேன் பெட்ரோலியத்திலிருந்து வருவதுதான். ஏறக்குறைய 69 டிகிரியிலேயே கொதித்துவிடும் பொருள், சூடாக்கும்போது பெரும்பகுதி பறந்துவிடும். துளிகூட மிஞ்சாது என்று சொல்ல மாட்டேன், மிகச் சிறிய அளவு இருக்கலாம். ஆனால் தவிட்டு எண்ணெயும் கடையில் வாங்கும் பல ரீஃபைன்டு எண்ணெய்களும் இதே வழியில்தான் எடுக்கப்படுகின்றன. அந்த எண்ணெயில் வடை சுட்டுக்கொண்டே மீல் மேக்கரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. கரைப்பானே வேண்டாம் என்பவர்களுக்கு முழுச் சோயாப் பயறும் டோஃபுவும் இருக்கின்றன.

டோஃபு விலை தெரிந்துதான் சொல்கிறீர்களா? ஹாஸ்டலில் என் மகளுக்கு வாரத்தில் இரண்டு நாள் மீல் மேக்கர் பிரியாணிதான். அதையும் பயமுறுத்தினால் அவள் எதைத்தான் சாப்பிடுவாள்? (ஒரு தாய், விழுப்புரம்)

நியாயமான கோபம். உங்கள் மகள் நன்றாகச் சாப்பிடட்டும்.

அப்படியானால் கொள்ளு, உளுந்து, பச்சைப்பயறு எல்லாம் எதற்கு? நம் தாத்தா பாட்டி சோயா சாப்பிட்டா வாழ்ந்தார்கள்? (பொள்ளாச்சி ஐயாவுக்கு ஆதரவாக, தாராபுரம்)

பயறும் பருப்பும் முட்டையும் மீனும் தினமும் புழங்குகிற வீட்டில் சோயா தேவையே இல்லை. இதைத் தயங்காமல் சொல்வேன். ஆனால் நான் வார்டில் தினமும் பார்க்கும் தட்டு வேறு. மலை போலச் சோறு, பருப்பைத் தேட வேண்டிய சாம்பார், ஓரத்தில் அப்பளம். துவரம்பருப்பில் நூற்றுக்கு 22 கிராம்தான் புரதம், அதுவும் தண்ணீராகக் கரைந்து ஒரு கரண்டிக்கு என்ன வந்துவிடப்போகிறது? அந்தத் தட்டில் ஒரு கைப்பிடி மீல் மேக்கர் சேர்ந்தால் பதினைந்து கிராம் புரதம் கூடுகிறது. தரத்தில் பால், முட்டைப் புரதத்துக்குப் பக்கத்தில் நிற்கும் புரதம் அது. அந்த வீட்டில் போய்ப் புண்ணாக்கு என்று சொல்லிப் பயமுறுத்த எனக்கு மனம் வராது.

மரபணு மாற்றிய சோயாதானே நமக்கு வருகிறது? (கோவை)

இந்தியாவில் மரபணு மாற்றிய சோயாவைப் பயிரிட அனுமதி இல்லை. இங்கே விளைவது பெரும்பாலும் மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம், ராஜஸ்தான் மாநிலங்களில். அர்ஜென்டினா, பிரேசிலிலிருந்து இறக்குமதியாகும் சோயா எண்ணெய் வேறு கதை, அங்கே விளைவதில் பெரும்பகுதி மரபணு மாற்றியதுதான். இந்த விவாதத்தை இத்தோடு நிறுத்திக்கொள்வோம், உடம்பு முடியாதவர்கள் பலர் காத்திருக்கிறார்கள்.

தைராய்டு இருப்பவர்கள் சோயா சாப்பிடலாமா? (சேலம்)

முதல் பதிலில் இருக்கிறது. நான்கு மணி நேர இடைவெளி.

சிறுநீரகப் பரிசோதனையில் கிரியாட்டினின் 2.4. மீல் மேக்கர் சாப்பிடலாமா? (மதுரை)

இங்கே கேட்டுவிட்டுச் சாப்பிடாதீர்கள். புரதம், பாஸ்பரஸ், பொட்டாசியம் மூன்றையும் உங்கள் பரிசோதனை அறிக்கையை வைத்துத்தான் கணக்குப் போட முடியும். சிறுநீரக மருத்துவரையும் அங்கேயே இருக்கும் உணவியல் ஆலோசகரையும் பாருங்கள். ஆக்சலேட் வகைச் சிறுநீரகக் கல் அடிக்கடி வருபவர்களும் மீல் மேக்கரைக் குறைத்துக்கொள்வது நல்லது.

எங்கட வீட்டில் கிழமைக்கு நாலு நாள் சோயா மீட் கறிதான். பிள்ளைகளுக்கு நல்லதோ, அக்கா? (யாழ்ப்பாணம்)

சோயா நல்லதுதான், தங்கச்சி. பாக்கெட்டோடு வரும் அந்தச் சுவைத்தூளில்தான் உப்பு நிறைய. தூளில் பாதியைப் போட்டு, மீதிக்கு உங்கள் வீட்டுக் கறித்தூளையே போடுங்கள். சோயா சாஸுக்கும் இதே எச்சரிக்கைதான். ஒரு மேசைக்கரண்டி சாஸில் ஏறக்குறைய 900 மில்லிகிராம் சோடியம், ஒரு நாள் முழுவதற்குமே 2000தான் கணக்கு. நான்கு நாளில் ஒரு நாளை மீனுக்கோ பயறுக்கோ விட்டுக்கொடுங்கள்.

தெம்பே நல்லதா? இங்கே மலிவாகக் கிடைக்கிறது. (ஈப்போ, மலேசியா)

கொடுத்து வைத்தவர் நீங்கள். ஜாவாவில் பிறந்த உணவு அது. சோயாவைப் பூஞ்சையால் புளிக்க வைத்துச் செய்வதால் வாயுவை உண்டாக்கும் சர்க்கரைகளும், இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்து வைக்கும் ஃபைட்டேட்டும் குறைந்துவிடுகின்றன. சோயாவில் எனக்கு மிகவும் பிடித்த வடிவம் இதுதான். வைட்டமின் பி12க்கு மட்டும் இதை நம்ப வேண்டாம்.

எட்டு மாதக் குழந்தைக்குப் பசும்பாலுக்குப் பதில் சோயா பால் கொடுக்கலாமா? (தஞ்சாவூர்)

கூடாது. ஒரு வயது வரை தாய்ப்பாலுக்கு மாற்றாகக் கடைச் சோயா பாலோ, வீட்டில் அரைத்ததோ, பசும்பாலோ எதுவுமே சரியில்லை. குழந்தைகளுக்கென்றே தயாரிக்கும் சோயா ஃபார்முலா வேறு, அதைக் குழந்தை மருத்துவர் சொன்னால் மட்டும் கொடுங்கள். குழந்தைக்கு உடம்பில் தடிப்பு, வாந்தி ஏதாவது இருந்தால் ஒவ்வாமையாக இருக்கலாம், இன்றே காட்டுங்கள்.

தைராய்டுக்கு... (திருச்சி, வேலூர், ஓசூர்)

மூவருக்கும் முதல் பதில்தான். தயவுசெய்து மேலே படியுங்கள்.

சத்துமாவில் சோயா சேர்க்கிறேன். வறுக்க வேண்டுமா, அப்படியே அரைக்கலாமா? வீட்டில் சோயா பால் செய்தால் பச்சை வாடையும் வருகிறது. (திருநெல்வேலி)

நல்ல கேள்வி, யாராவது கேட்க மாட்டார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சைச் சோயாவில் புரதத்தைச் செரிக்க விடாமல் தடுக்கும் பொருள் இருக்கிறது. சூடுதான் அதை அழிக்கும். ஊறவைத்து வேகவைத்துக் காயவைத்து, பிறகு வாசனை வரும் வரை வறுத்து மில்லுக்குக் கொடுங்கள். பாதி வறுத்ததை அரைத்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பாலுக்கு எட்டு மணி நேரம் ஊறவைத்துத் தோலைத் தேய்த்து எடுங்கள். பச்சைத் தண்ணீரில் அரைத்தால்தான் அந்த வாடை. கொதிக்கும் தண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டுவிட்டு, சுடுதண்ணீர் விட்டே அரையுங்கள். வடிகட்டி அடுப்பில் வைத்ததும் சீக்கிரமே நுரை திரண்டு பொங்கி வரும். கொதித்துவிட்டது என்று நினைத்து நிறைய பேர் அங்கேயே அணைத்துவிடுகிறார்கள். அது கொதிப்பு இல்லை, பால் அப்போது இன்னும் பச்சையாகத்தான் இருக்கிறது. தீயைக் குறைத்து, நுரையை அகற்றி, அடிப்பிடிக்காமல் கிளறிக்கொண்டு, நன்றாகக் கொதி வந்த பிறகும் பதினைந்து நிமிடம் விடுங்கள். வடிகட்டிய துணியில் நிற்கும் சக்கையைத் தூக்கிப் போடாதீர்கள், அடை மாவில் சேர்த்துக்கொள்ளலாம்.