மருந்தடித்த மாந்தோப்பில் மேய்ந்த ஆடுகளுக்குக் கீழாநெல்லி கொடுத்தால் விஷம் இறங்குமா?

கேள்வி: ஐயா, வணக்கம். காவேரிப்பட்டணம் பக்கம் எங்க ஊர். 14 வெள்ளாடு வச்சிருந்தேன். போன வாரம் பக்கத்து மாந்தோப்பில் பூ பிடிச்ச மரங்களுக்குத் தத்துப்பூச்சி மருந்து அடிச்சாங்க. அது டைமெத்தோயேட்டுன்னு பிறகுதான் தெரிஞ்சது. மறுநாள் ஆடுங்க உள்ளே பூந்து மரத்தடிப் புல்லை மேஞ்சிடுச்சு. பொழுது சாயறதுக்குள்ளே வாயில் நுரை, உடம்பு நடுக்கம், கழிச்சல். ரெண்டு செத்துப்போச்சு. ஒரு பெட்டையை டாக்டர் ஊசி போட்டுக் காப்பாத்தினார். அது இன்னும் சரியா தின்ன மாட்டேங்குது. கீழாநெல்லியை அரைச்சுக் கொடு, விஷம் இறங்கும்னு எங்க பெரியப்பா சொல்றார். கொடுக்கலாமா? வருஷா வருஷம் மருந்தடிக்கிற சமயத்துக்கு முன்னாடியே கொடுத்து வச்சா ஆடு தாங்குமா?

பதில்: ரெண்டு ஆடு போனது பெரிய நட்டம்தான். பெட்டை பிழைத்ததே ஊசி நேரத்துக்கு விழுந்ததால். உங்கள் பெரியப்பா சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதியை நம்பினால் அடுத்த தை மாசமும் இதே கதைதான்.

கீழாநெல்லி ஈரலைக் காக்கும் என்பதை ஆய்வுக்கூடத்திலும் பார்த்திருக்கிறார்கள். எலிகளுக்குக் கார்பன் டெட்ராகுளோரைடு என்ற ரசாயனத்தைக் கொடுத்துச் செய்யும் சோதனை அது. ஈரல் அந்த ரசாயனத்தை உடைக்கும்போது மூர்க்கமான துணுக்கு ஒன்று பிறந்து, ஈரல் செல்லின் கொழுப்புச் சவ்வையே அரித்துவிடும். கீழாநெல்லியில் உள்ள ஃபில்லாந்தின் போன்ற சத்துகள் அந்த அரிப்பைக் குறைக்கின்றன. நிலவேம்பின் ஆண்ட்ரோகிராஃபோலைடு, மஞ்சளின் குர்குமின், ஈரல் டானிக்குகளில் சேர்க்கிற சிலிமாரின் எல்லாமே ஏறக்குறைய இந்த வழியில்தான் வேலை செய்கின்றன. ஆனால் பெரும்பாலான சோதனைகளில் மூலிகையைச் சில நாள் முன்பே கொடுத்துவிட்டு, அப்புறம்தான் விஷத்தைக் கொடுப்பார்கள். தவிர, அங்கே கொடுப்பவை ஈரலைத் தாக்கும் விஷங்கள்.

உங்கள் ஆடுகள் தின்றது நரம்பு விஷம். தசையைச் சுருங்கச் சொல்ல நரம்பு நுனி அசிட்டைல்கோலின் என்ற பொருளைச் சுரக்கும். சொல்லி முடிந்ததும் அதை அழிக்க ஒரு நொதி இருக்கிறது. டைமெத்தோயேட் மாதிரியான ஆர்கனோபாஸ்பரஸ் மருந்துகள் அந்த நொதியைக் கட்டிப்போட்டுவிடும். மடையைத் திறந்துவிட்டு அடைக்க ஆள் இல்லாமல் போனால் வயல் என்ன ஆகும்? அதுதான் எச்சில், கண்ணீர், கழிச்சல், நடுக்கம், கடைசியில் மூச்சுத் திணறல். இதில் இன்னொரு வேடிக்கை, டைமெத்தோயேட்டை அதைவிடக் கொடிய ஓமெத்தோயேட்டாக மாற்றிவிடுவதே உடம்பின் ஈரல்தான். ஈரல் தெம்பாக இருந்தால் விஷம் ஏறாது என்று கணக்குப் போட இங்கே வழியில்லை.

இதற்கு முறிவு மருந்து அட்ரோபின் ஊசி. அதோடு, சீக்கிரம் கூப்பிட்டால், பிராலிடாக்சைம். இரண்டும் டாக்டர் கையால்தான். இனி இப்படி நடந்தால் முதலில் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962க்குப் போன் போடுங்கள், மருந்து டப்பாவை எடுத்து வையுங்கள். டப்பாவோடு வரும் தாளில் முறிவு மருந்து எது என்று எழுதியிருக்கும், டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம். மேலே மருந்து பட்டிருந்தால் கையுறை போட்டுக்கொண்டு சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். நுரை தள்ளுகிற ஆட்டுக்கு வாய்வழியாக எதையும் புகட்டாதீர்கள். நல்லெண்ணெய், மோர், பச்சிலைச்சாறு எதுவானாலும் நுரையீரலுக்குள் போய்விடும். அவசரத்தில் விஷத்தைவிட இந்தப் புரையேறலால் செத்த ஆடுகளும் உண்டு.

பிழைத்த பெட்டைக்கு வருவோம். அது தின்னாமல் நிற்பதை உடனே ஈரல் கோளாறு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அட்ரோபின் குடல் ஓட்டத்தையும் இரைப்பையையும் மந்தமாக்கும். அசை போடுகிறதா, இடது விலாப் பக்கம் உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். உப்பலோ, சுத்தமாக அசை போடாமலோ இருந்தால் திரும்ப டாக்டரிடம் காட்டுங்கள். இல்லாவிட்டால் அகத்தி, வேலிமசால் போன்ற இளந்தழை, நல்ல தண்ணீர், நிழல் போதும். கட்டுண்ட நொதி பழையபடி வரச் சில வாரம் பிடிக்கும். அதுவரை உண்ணிக்கு மருந்துத் தண்ணீரில் முக்குவதோ, லெவாமிசால் குடற்புழு மருந்து கொடுப்பதோ கூடாது, பழைய விஷத்தோடு கைகோத்துக்கொள்ளும். பால் கறந்தால் வீட்டுக்கும் வேண்டாம், குட்டிக்கும் வேண்டாம், டாக்டர் சொல்லும் நாள்வரை.

அது அசை போட ஆரம்பித்ததும், டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, ஒரு கைப்பிடி கீழாநெல்லித் தழையைத் தீவனத்தோடு நாலைந்து நாள் கொடுங்கள். தேற்றத்துக்கு உதவலாம், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் எங்கே பிடுங்குவீர்கள்? இந்தப் பருவத்தில் ஈரம் இருக்கிற இடத்தில்தான் கீழாநெல்லி பச்சையாக நிற்கும், அது பெரும்பாலும் சொட்டுநீர் போகிற மாமரத்தடி. அங்கே பிடுங்கினால் அதே டைமெத்தோயேட்டை மருந்தென்று ஊட்டுகிறீர்கள். வீட்டுக் கிணற்றடியில் கிடைத்தால் எடுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

முன்கூட்டியே கொடுத்து வைக்கிற யோசனையைக் கைவிடுங்கள். பக்கத்துத் தோப்புக்காரரிடம் மருந்தடிக்கும் தேதியைக் கேட்டு வைப்பதுதான் உண்மையான தடுப்பு. பெங்களூரா ரக மாவுக்குப் பூ பிடிக்கிற மாசங்களில் மருந்தை ஒரு தடவையோடு நிறுத்துகிறவர்கள் குறைவு. கடைசியாக அடித்த நாளிலிருந்து மூன்று வாரமாவது அந்தத் தோப்புப் பக்கம் ஆட்டை விடாதீர்கள். லேபிளில் அதைவிட அதிக நாள் போட்டிருந்தால் அந்தக் கணக்குத்தான். காற்று வாட்டத்தில் உங்கள் வரப்புப் புல்லிலும் படிந்திருக்கும், அதையும் அறுத்துப் போட வேண்டாம்.

மூலிகைக்கு உண்மையில் வேலை இருக்கிற இடம் வேறு. பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கிலும் மக்காச்சோளத்திலும் வரும் அஃப்ளாடாக்சின் மெதுவாக ஈரலைக் கெடுக்கும். அந்த நஞ்சு கலந்த தீவனத்தோடு மஞ்சள் கொடுத்த கோழிக்குஞ்சுகளில் ஈரல் சேதம் குறைந்ததாகச் சோதனைகள் உண்டு. அதற்காகப் பூத்த புண்ணாக்கில் மஞ்சளைத் தூவிப் போட்டுவிடாதீர்கள். கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு போகாது, அந்த மூட்டையைக் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள்.