கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: ஒன்ராறியோவின் சிம்கோ ஏரிக்கரையில் ஒரு கொட்டேஜ் எடுத்து நின்றோம். பக்கத்து வீட்டு ஆட்கள் பியர் குடித்துக்குடித்து உறைந்த ஏரிமேல் ஸ்னோமொபைல் (பனியில் ஓடும் மோட்டார் வண்டி) ஓட்டினார்கள். என் கணவர் கேட்கப் போக, “நானே பொலிஸ்தான், ஆரிட்டச் சொல்லப்போறீர்?” என்று ஒருவர் சிரித்தார். லீவில் நிற்கிற பொலிஸ்காரரை என்ன செய்யலாம்?
– வாசகி, ஸ்காபுரோ

பதில்: அந்தச் சிரிப்புத்தான் தங்கச்சி, எனக்கும் எரிச்சல்.

கனடாவின் குற்றவியல் சட்டத்துக்கு ஸ்னோமொபைலும் மோட்டார் வாகனம்தான். தெருவென்ன, உறைந்த ஏரியென்ன, சொந்தக் காணியென்ன, எல்லாம் ஒன்று. 100 மில்லிலீட்டர் இரத்தத்தில் 80 மில்லிகிராமோ அதற்கு மேலோ மதுசாரம் இருந்தால் குற்றம். முதல்முறைக்கே குறைந்தது 1000 டொலர் தண்டம். இதில் ‘பொலிஸ்காரர் நீங்கலாக’ என்று ஒரு வரியும் இல்லை. ஒன்ராறியோவில் திறந்த பியர்ப் போத்தலைக் கையில் வைத்து ஓட்டுவதே தனிக்குற்றம்.

அவர்கள் ஓட்டும்போதே அவசர உதவிக்கு 911 அடித்திருக்க வேண்டும். வெறி இறங்கின பிறகு ஊதச்சொல்லி என்ன பிரயோசனம்? வண்டி நம்பர், நேரம், இறங்கின இடம், இவ்வளவும் சொன்னால் போதும். வாய்ச்சண்டைக்குப் போகாதீர்கள், உங்கள் வீட்டுக்காரருக்கும் சொல்லிவையுங்கள்.

இப்போது செய்யக்கூடியது முறைப்பாடு. பொலிஸ்காரர் மேலான முறைப்பாடுகளை எடுக்க, சட்ட அமலாக்க முறைப்பாட்டு முகமை என்று ஒன்ராறியோ மாகாணத்தில் ஒன்று இருக்கிறது. 2024 ஏப்ரலில் வந்த புதுச் சட்டத்தோடு இந்தப் பெயர். பொலிஸ் நிலையப் படியேறத் தேவையில்லை, இணையத்திலேயே எழுதலாம். கடமையில் இல்லாதபோது செய்ததென்றாலும், பொலிஸின் பெயரைக் கெடுத்தால் ஒழுக்காற்று விசாரணைக்கு வரும். “நானே பொலிஸ்தான்” என்றாரே, அதை அப்படியே எழுதுங்கள். பொலிஸ் வேலையை இதற்குள் இழுத்துவந்தவர் அவர்தான்.