கிளினிக் படிவத்தில் இனத்தைச் சொன்னால் பிரீமியம் ஏறுமா?

கேள்வி: வணக்கம் சார். டெக்சாஸில் டல்லாஸ் பக்கம் பிளேனோவில் இருக்கிறோம். கணவருக்கு 46 வயது, ஐ.டி. வேலை. அவருடைய கம்பெனி ஹெல்த் இன்சூரன்ஸில்தான் நானும் 16 வயது மகளும் இருக்கிறோம். குடும்ப டிடக்டிபிள் (இன்சூரன்ஸ் பணம் தரத் தொடங்கும் முன் நாங்களே கட்ட வேண்டிய தொகை) 4,000 டாலர். மாமனாருக்கு 51 வயதில் மாரடைப்பு வந்தது. ஆனால் இவர் எந்தப் படிவத்திலும் இனம் என்ற கட்டத்தை நிரப்ப மாட்டார். "நம்ம ஆளுங்களுக்குச் சுகர், ஹார்ட்டு ஜாஸ்தின்னு தெரிஞ்சா பிரீமியத்தை ஏத்திருவாங்க" என்பார். "சொல்லலைன்னா டாக்டருக்கு எப்படிப்பா தெரியும்?" என்று மகள் சண்டை போடுகிறாள். இனம், நிறம் என்று பேச்செடுத்தாலே வீட்டில் வாக்குவாதம். போன மாதம் இலவச வருட செக்கப் என்று போனவர், நெஞ்சு கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது என்று பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார். 240 டாலர் பில் வந்துவிட்டது. அதில் டாக்டர் விசிட் 176, எச்பிஏ1சி சுகர் டெஸ்ட் 64. இனி டாக்டரிடம் வாயே திறக்க மாட்டேன் என்கிறார். அடுத்து 10 லட்சம் டாலருக்கு டெர்ம் பாலிசி (குறிப்பிட்ட ஆண்டுகளுக்கான ஆயுள் காப்பீடு) எடுக்கவும் யோசனை. யார் சொல்வது சரி?

பதில்: பணத்தைப் பேசுவதற்கு முன்னால் ஒன்று. 46 வயது, 51 வயதில் மாரடைப்பு வந்த அப்பா, நெஞ்சில் இறுக்கம். அந்த விசிட்டுக்குப் பிறகு டாக்டர் எழுதிக் கொடுத்த டெஸ்ட் ஏதாவது செய்யாமல் கிடந்தால் இந்த வாரமே செய்துவிடுங்கள். இறுக்கம் மறுபடி வந்து, வியர்வை, மூச்சுத்திணறல், கைவலி எதுவும் சேர்ந்தால் 911. நெட்வொர்க் ஆஸ்பத்திரி, அதாவது உங்கள் இன்சூரன்ஸோடு ஒப்பந்தம் உள்ள ஆஸ்பத்திரி, எது என்று அந்த நேரத்தில் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். எதிர்பாராத பில்களைத் தடுக்கும் மத்திய சட்டம் 2022 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அவசர சிகிச்சைக்கு நெட்வொர்க்குக்கு வெளியே போனாலும், உள்ளே போனால் எவ்வளவு கட்டுவீர்களோ அதற்கு மேல் கேட்க முடியாது. ஆம்புலன்ஸ் வண்டி மட்டும் அந்தச் சட்டத்தில் வராது, அதற்குத் தனி பில் வரலாம். வந்தால் பிறகு பேரம் பேசிக்கொள்ளலாம்.

இனி பிரீமியம். உங்கள் கணவரின் பயத்தை நான் சிரித்துத் தள்ள மாட்டேன். இந்த நாட்டுக் காப்பீட்டுத் தொழிலின் கடந்த காலம் அப்படி. 1881இல் புருடென்ஷியல் கம்பெனி, வெள்ளையர்கள் கட்டிய அதே பிரீமியத்தைக் கட்டிய கறுப்பினத்தவருக்கு இறப்புத் தொகையை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ஆனால் அது ஆயுள் காப்பீடு, அந்தக் காலம். இன்று மருத்துவக் காப்பீட்டில் நிலைமை வேறு. தனிநபர்களும் சிறு நிறுவனங்களும் வாங்கும் திட்டங்களில், 2014 முதல் பிரீமியத்தை நிர்ணயிக்க நான்கே விஷயங்களைத்தான் பார்க்கலாம்: வயது, வசிக்கும் பகுதி, புகையிலைப் பழக்கம், எத்தனை பேர் சேர்கிறார்கள் என்பது. உங்களைப் போலக் கம்பெனித் திட்டத்தில் இருப்பவர்களில், ஒருவருக்குச் சுகர் இருக்கிறது, இன்னொருவருக்கு இல்லை என்று ஆளுக்கொரு பிரீமியம் போட முடியாது. உடல்நலத்தைப் பேண ஊக்குவிக்கக் கம்பெனி நடத்தும் வெல்னெஸ் திட்டங்களில் சலுகையாகவோ கூடுதல் கட்டணமாகவோ வித்தியாசம் வரலாம். அதிலும் இனம் வராது.

இன்னொரு விஷயம், இதைப் பலரும் கவனிப்பதில்லை. டாக்டர் அலுவலகம் இன்சூரன்ஸுக்கு அனுப்பும் வழக்கமான கிளெய்ம் படிவத்தில் இனத்துக்கு ஒரு கட்டமே கிடையாது. கணவர் கிளினிக்கில் காலியாக விடும் அந்தக் கட்டம் டாக்டரின் கோப்புக்குத்தான் போகிறது. அதாவது, அவர் மறைப்பது இன்சூரன்ஸ் கம்பெனியிடம் இல்லை, தன் டாக்டரிடம்.

அதனால் என்ன நஷ்டம்? சர்க்கரை நோய்க்கு 35 முதல் 70 வயது வரை எடை கூடியவர்களைப் பரிசோதிக்க வேண்டும் என்பது 2021 முதல் நடப்பில் உள்ள மத்தியப் பரிந்துரை. "எடை கூடியவர்" என்றால் பொதுவாக பிஎம்ஐ (உயரத்தோடு ஒப்பிட்ட எடைக் கணக்கு) 25. ஆசிய வம்சாவளியினருக்கு 23லேயே பரிசோதிக்கலாம் என்று அதே பரிந்துரை சொல்கிறது. அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் 2015 முதல் அதே 23ஐத்தான் சொல்கிறது. நம்மில் பாதிப் பேர் தொப்பையை பெல்ட்டுக்கு மேலே வைத்துக்கொண்டு பிஎம்ஐ 24 என்று பெருமைப்படுகிறவர்கள். இனம் தெரியாத கோப்பில் அந்த 24 "நார்மல்". தெற்காசியர் என்று தெரிந்த கோப்பில் அது ஒரு எச்சரிக்கை.

இதயத்துக்கும் இதே கதைதான். 2018இல் அமெரிக்க இதய அமைப்புகள் வெளியிட்ட கொலஸ்ட்ரால் வழிகாட்டுதலில், தெற்காசிய வம்சாவளி ஆபத்தைக் கூட்டும் காரணிகளில் ஒன்று. 55 வயதுக்குள் மாரடைப்பு வந்த அப்பா இன்னொன்று. உங்கள் கணவருக்கு இரண்டும் இருக்கின்றன. 2023இல் வந்த புதிய ஆபத்துக் கணக்கீட்டு முறையில் இனம் என்ற கேள்வியே நீக்கப்பட்டுவிட்டது. கணினி கேட்காததை மனிதர் வாயால்தான் சொல்ல வேண்டும்: "நான் தெற்காசியன், அப்பாவுக்கு 51இல் மாரடைப்பு." ஐந்து விநாடி வேலை. "ஆசியர்" என்று மட்டும் சொன்னால் போதாது. சீனர், கொரியர், தமிழர் எல்லாரையும் ஒரே கட்டத்தில் அடைத்த சொல் அது.

நாம் யார் என்பதில் இந்த நாட்டுக்கே ஒரு முடிவு இருந்ததில்லை. 1923இல், குடியுரிமை கேட்ட பகத் சிங் திந்த் என்பவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தியர்கள் வெள்ளையர் அல்லர் என்றது. 1970 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நம்மை வெள்ளையரோடு எண்ணினார்கள். "ஆசிய இந்தியர்" என்று தனிக் கட்டம் வந்தது 1980இல்தான். உங்கள் கணவருக்கு அந்தக் கட்டத்தைக் கண்டால் எரிச்சல் வருவதில் எனக்கு ஆச்சரியமில்லை.

இனத்தை வைத்துக் கணக்குப் போட்டு மருத்துவம் தவறியதும் உண்டு. அதையும் மகளுக்கு முன்னால் ஒப்புக்கொள்ளுங்கள், பேச்சு எளிதாகும். சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று இரத்தப் பரிசோதனையில் கணக்கிடும் சூத்திரம், 2021 வரை கறுப்பினத்தவருக்கு மட்டும் எண்ணைக் கூட்டிக் காட்டியது. நோய் உண்மையைவிடக் குறைவாகத் தெரிந்ததால் மாற்றுச் சிறுநீரகப் பட்டியலில் பலர் தாமதமாகச் சேர்ந்தார்கள். சூத்திரம் மாற்றப்பட்டது. இழந்த காத்திருப்புக் காலத்தைத் திருப்பித் தரும்படி 2023இல் உத்தரவும் வந்தது. விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி கருத்த தோலில் அளவைக் கூட்டிக் காட்டுகிறது என்று 2020இல் வந்த ஆய்வு நம் தோலுக்கும் பொருந்தக்கூடியது. மூச்சு வாங்கும்போது கருவி 95 காட்டினாலும் "எனக்கு மூச்சு முட்டுகிறது" என்று அழுத்திச் சொல்லத் தயங்காதீர்கள்.

ஒரு விஷயத்தைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். நம் வீடுகளில் இனத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை என்பது உண்மையில்லை. கறுப்பர்கள் இருக்கும் ஏரியாவில் வீடு வாங்காதே என்று பேசுவோம். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கையில் நிறம் பேசுவோம். மகள் கேட்டால் மட்டும் "நமக்கெதுக்கு அந்தப் பேச்சு". 1966இல் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் தொடங்கியபோது, நோயாளிகளை இனம் பிரித்து வைக்கும் ஆஸ்பத்திரிக்கு அரசுப் பணம் இல்லை என்றார்கள். தெற்கு மாநிலங்களில் ஆஸ்பத்திரிகள் சில மாதங்களில் கதவைத் திறந்தன. அதற்கு முந்தைய ஆண்டு, 1965இல், வந்த குடியேற்றச் சட்டத்தால்தான் நம் டாக்டர்களும் எஞ்சினியர்களும் இங்கே பெருமளவில் வர முடிந்தது. இரண்டுக்கும் பின்னால் இருந்தது கறுப்பினத்தவரின் உரிமைப் போராட்டம். உங்கள் மகள் இதைப் பள்ளியில் படித்திருப்பாள், கேட்டுப் பாருங்கள்.

சரி, அந்த 240 டாலர். வருட செக்கப் இலவசம் என்பது உண்மை, ஆனால் "தடுப்பு" என்று சட்டம் வரையறுத்த பகுதி மட்டுமே இலவசம். அதற்கு டிடக்டிபிள், கோபே (ஒவ்வொரு விசிட்டுக்கும் நீங்கள் கட்டும் பங்கு) எதுவும் கிடையாது. உங்களிடம் இருக்கும் ஒரு தொந்தரவை டாக்டர் விசாரித்து முடிவெடுத்தால் அது தனி விசிட். பில்லை விவரமாகக் கேட்டு வாங்கிப் பாருங்கள். 40 முதல் 64 வயதுக்காரரின் வருட செக்கப்புக்கு 99396 என்ற எண் இருக்கும். அதன் கீழே 99213 அல்லது 99214 என்று இன்னொன்று இருந்தால் அதுதான் 176. நெஞ்சு இறுக்கத்தை டாக்டர் உண்மையிலேயே விசாரித்திருந்தால் அந்தப் பில் நியாயமானதே, கட்டிவிடுங்கள். அடுத்த முறை வாயைத் திறக்காமல் இருந்து 176 டாலர் மிச்சம் பிடிப்பது நான் கேள்விப்பட்டதிலேயே மோசமான சேமிப்புத் திட்டம். டிடக்டிபிளில் அந்தத் தொகை கழியும், அவ்வளவுதான்.

அந்த 64 டாலர் வேறு விஷயம். எச்பிஏ1சியை டாக்டர் எதற்காக எழுதினார்? நோய் அறிகுறியைத் தேடியென்றால் டிடக்டிபிளில் வரும். வழக்கமான பரிசோதனையாக எழுதியிருந்தால், சர்க்கரை நோய்ப் பரிசோதனைக்கான இசட்13.1 என்ற குறியீட்டோடு போயிருக்க வேண்டும். தவறான குறியீட்டில் போயிருந்தால், திருத்தி மறுபடி அனுப்பும்படி டாக்டர் அலுவலகத்தின் பில்லிங் பிரிவைக் கேளுங்கள். இன்சூரன்ஸ் "பிஎம்ஐ 25 இல்லையே" என்று மறுத்தால் ஆசியருக்கான 23ஐக் காட்டி வாதாடலாம். வெற்றி உறுதியில்லை. அதுவும் கோப்பில் இனம் எழுதியிருந்தால்தான் வாதத்துக்கு ஆதாரம் இருக்கும். நடக்காததை நடந்ததாக எழுதச் சொல்லிக் கேட்காதீர்கள். அது மோசடி, டாக்டரும் செய்ய மாட்டார்.

மறுப்பு வந்தால், எதற்கு எவ்வளவு தந்தோம் என்று இன்சூரன்ஸ் அனுப்பும் இஓபி என்கிற தாளைக் குப்பையில் போட வேண்டாம். "இது பில் அல்ல" என்று மேலே அச்சடித்திருப்பதால் பலரும் போட்டுவிடுகிறார்கள். அப்பீல் செய்யும் முறையும் கெடுவும் அதில்தான் இருக்கும். மறுப்புக் கடிதம் கிடைத்த நாளிலிருந்து 180 நாளுக்குள் இன்சூரன்ஸ் கம்பெனியிடமே அப்பீல் செய்யலாம். அதிலும் தோற்றால், மருத்துவக் காரணம் சார்ந்த மறுப்புகளுக்கு நான்கு மாதத்துக்குள் வெளி ஆய்வாளரிடம் போகலாம். 64 டாலருக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்றால், ஒரு போன் வரைக்கும் மெனக்கெடுங்கள். பெரிய பில்லுக்கு வழி தெரிந்திருக்கும். இனத்தை வைத்தே உங்களை மோசமாக நடத்தினார்கள் என்று தோன்றினால் அது வேறு பாதை. மத்திய சுகாதாரத் துறையின் சிவில் உரிமை அலுவலகத்தில் 180 நாளுக்குள் புகார் கொடுக்கலாம், வக்கீல் தேவையில்லை.

உங்கள் திட்டத்தைப் பற்றி எச்.ஆரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இது செல்ஃப் ஃபண்டட் திட்டமா?" பெரிய கம்பெனிகளில் பெரும்பாலும் ஆமாம் என்பார்கள். அப்படியென்றால் கிளெய்ம் பணம் கம்பெனியுடையது, கார்டில் பெயர் இருக்கும் இன்சூரன்ஸ் வெறும் கணக்குப்பிள்ளை, மாநிலச் சட்டம் பொருந்தாது. இது ஏன் முக்கியம்? இதயக் குழாயில் கால்சியம் படிந்திருக்கிறதா என்று பார்க்கும் சி.டி. ஸ்கேனுக்கு ஐந்தாண்டுக்கு ஒரு முறை 200 டாலர் வரை தர வேண்டும் என்று டெக்சாஸில் 2009ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. ஆண்களுக்கு 45 வயதைத் தாண்டியிருக்க வேண்டும், சர்க்கரை நோயோ நடுத்தர இதய ஆபத்தோ இருக்க வேண்டும். செல்ஃப் ஃபண்டட் திட்டத்தை அந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது. டாக்டர் அந்த ஸ்கேன் தேவை என்றால், இன்சூரன்ஸ் தராவிட்டாலும் ரொக்க விலையைக் கேளுங்கள், எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருக்கும்.

4,000 டாலர் டிடக்டிபிள் என்பதால் உங்களுடையது எச்எஸ்ஏ (மருத்துவச் செலவுக்கான வரியில்லாச் சேமிப்புக் கணக்கு) வைத்துக்கொள்ளக்கூடிய திட்டமாக இருக்கலாம். 2026இல் குடும்பத்துக்கு 8,750 டாலர் வரை வரியில்லாமல் அதில் போடலாம். இந்த 240, அந்த ஸ்கேன் எல்லாம் அதிலிருந்தே கட்டலாம். ஒரு வருடத்தில் அதிகபட்சம் எவ்வளவு உங்கள் கையிலிருந்து போகும் என்ற எண்ணையும் திட்டச் சுருக்கத்தில் தேடிக் குறித்துவையுங்கள். நெட்வொர்க்குக்குள் 2026க்கான சட்ட உச்சம் ஒருவருக்கு 10,600, குடும்பத்துக்கு 21,200. எச்எஸ்ஏ திட்டத்தில் இன்னும் குறைவு. மாரடைப்பில் ஆஸ்பத்திரியில் படுத்தால் அந்த எண்தான் உங்கள் பில். அந்தத் தொகை எங்கிருந்து வரும் என்று இப்போதே தெரிந்திருக்கட்டும்.

கடைசியாக டெர்ம் பாலிசி. இங்கேதான் கணவரின் எச்சரிக்கைக்கு அர்த்தம் இருக்கிறது. மரபுத் தகவல் பாகுபாட்டுக்கு எதிரான 2008ஆம் ஆண்டுச் சட்டம், குடும்ப நோய் வரலாற்றை வைத்து மருத்துவக் காப்பீட்டில் பிரீமியம் போடுவதைத் தடுக்கிறது. ஆயுள் காப்பீட்டுக்கு அது பொருந்தாது. அங்கே அப்பாவின் மாரடைப்பைக் கேட்பார்கள், டாக்டர் கோப்பையும் வாங்கிப் பார்ப்பார்கள், பிரீமியம் ஏறலாம். அதற்காக நெஞ்சுப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவது முட்டாள்தனம். முதலில் பரிசோதனை, முடிவு வந்ததும் விண்ணப்பம். அதுவரை கம்பெனி தரும் குழு ஆயுள் காப்பீட்டைப் பாருங்கள். உடல்நிலையைக் கேட்காமல் குறிப்பிட்ட அளவு வரை தருகிறவர்கள் உண்டு. பொதுவாக ஆண்டுச் சேர்க்கையின்போதுதான் கூட்ட முடியும் என்பதால் தேதியைத் தவறவிடாதீர்கள். டெர்ம் பாலிசி விண்ணப்பத்தில் அப்பா விஷயத்தையும் நெஞ்சு இறுக்கத்தையும் உள்ளபடி எழுதச் சொல்லுங்கள். பாலிசி எடுத்து இரண்டு ஆண்டுக்குள் கிளெய்ம் வந்தால் பழைய கோப்புகள் எல்லாவற்றையும் கிளறுவார்கள், மறைத்தது தெரிந்தால் பணம் வராது. அப்போது ஆபீஸ் ஆபீஸாக அலையப்போவது நீங்கள்தான், அவர் இல்லை.