கட்டம் கட்டமாகத் தெரியும் தமிழ்

(2011 வாக்கில் வந்த கேள்வி-பதில் இது. சிம்பியன் என்பது அன்றைய நோக்கியா போன்கள் பலவற்றில் இருந்த இயங்குதளம்.)

கேள்வி: ஈரோடு மஞ்சள் விலை பார்க்கலாம்னு என் சிம்பியன் போனில் தமிழ்ப் பக்கத்தைத் திறந்தா, வெறும் கட்டமாத்தானுங்க வருது. புது போன் வாங்கிடலாமுங்களா? ஆண்ட்ராய்டா, மறுபடி சிம்பியனா?
- வாசகர், கொடுமுடி

பதில்: அவசரப்படாதீங்க. போனில் தமிழ் எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். ஓபரா மினி என்ற பிரவுசரை ஏற்றி, அதன் முகவரிப் பெட்டியில் ‘ஓபரா:கான்ஃபிக்’ (opera:config) என்று ஆங்கில எழுத்தில் அடியுங்கள். நடுவில் முக்காற்புள்ளி, இடைவெளி கூடாது. வரும் பட்டியலின் கடைசிப் பக்கமாக ‘பிட்மேப் ஃபான்ட்ஸ்’ என்றொரு வரி இருக்கும். அதை ‘எஸ்’ (Yes) ஆக்கிச் சேமித்தால், எழுத்துகள் ஓபரா சர்வரிலேயே படமாக வரையப்பட்டு வரும். டேட்டா கொஞ்சம் கூடும். பக்கம் முழுக்க அந்த சர்வரில் திறந்து படிக்கப்பட்டுத்தான் சுருங்கி வருகிறது. அதனால் பேங்க் கணக்கை மட்டும் இதில் திறக்காதீர்கள்.

2011 பிப்ரவரியில் நோக்கியாவே விண்டோஸ் போன் பக்கம் சாய்ந்துவிட்டது. சிம்பியனில் இனிப் பணம் போடுவது, வற்றின கிணத்துக்கு மோட்டார் வாங்குவது மாதிரி. ஆண்ட்ராய்டு பார்க்கலாம்; ஆனால் அதன் 2.2, 2.3 பதிப்பு உள்ள செட்டுகள் பலவற்றிலும் இதே கட்டம்தான். கடையிலேயே தமிழ்ப் பக்கம் ஒன்றைத் திறந்து ‘கொ’ எப்படித் தெரிகிறது என்று பாருங்கள். கொம்பு ‘க’வுக்குப் பின்னால் நின்றால், எழுத்துரு இருக்கிறது, போனுக்கு எழுத்தைச் சரியாகக் கோக்கத் தெரியவில்லை என்று அர்த்தம்.