குழாயடியைப் பழிக்காதீர்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். எனக்கு ஐம்பது வயது. ராஜபாளையத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். பத்தாம் வகுப்பில் உடன்படித்தவர்களின் வாட்ஸப் குழு ஒன்று இருக்கிறது, 143 பேர். நான்கு மாதத்துக்கு முன்னால் என் நெருங்கிய நண்பன், 'வெண்டைக்காயை ராத்திரி ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் காலையில் குடித்தால் சர்க்கரைக்கு மாத்திரையே வேண்டாம்' என்ற செய்தியை ஃபார்வர்டு செய்தான். 'இதையெல்லாம் படிச்சவன் நம்புவானாடா' என்று எழுதி, விளையாட்டு என்று தெரியட்டும் என ஒரு சிரிப்பு முகமும் போட்டேன். அவன் 'ஆமாப்பா, நான் படிக்காதவன்தான்' என்றான் (அவன் பத்தாவதோடு நின்று அப்பாவின் தையல் கடையைப் பார்த்துக்கொண்டவன்). பிறகு ஆளுக்கொரு பக்கம் சேர்ந்து, அன்று ராத்திரிக்குள் அறுபது செய்திகளுக்கு மேல் போய், குழாயடிச் சண்டை மாதிரி நாறிவிட்டது. அவன் குழுவை விட்டுப் போனதே ஒன்பது நாள் கழித்துத்தான் எனக்குத் தெரியும். என் பேரில் தவறு உண்டா என்று அந்தப் பேச்சை ஸ்கிரீன்ஷாட் எடுத்து மருந்து வணிகர்கள் குழுவில் போட்டுக் கேட்டேன். நான் சொன்னதே சரி என்றார்கள். மக்கள் ஏன் இப்படித் தொட்டாற்சிணுங்கி ஆகிவிட்டார்கள்? அந்தக் காலத்தில் இப்படியா இருந்தோம்? இதற்கெல்லாம் ஒரு சட்டம் வேண்டாமா? நானும் குழுவிலிருந்து வெளியேறிவிடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கோவில்பட்டியில் நாங்கள் குடியிருந்த தெருவில் மிச்சமிருந்த ஒரே பொதுக்குழாயையும் எடுத்துவிட்டார்கள் என்று போன வாரம் தம்பி போனில் சொன்னான். வீட்டுக்கு வீடு இணைப்பு வந்துவிட்டது, பெண்களின் இடுப்பு பிழைத்தது, நல்ல காரியம். ஆனாலும் இரண்டு நாளாக அந்தக் குழாயையே நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் உங்கள் கடிதம் வந்தது, 'குழாயடிச் சண்டை மாதிரி நாறிவிட்டது' என்று. இந்தத் தொடரைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். படித்த ஆண்கள் தங்கள் சண்டை அசிங்கமாகிவிட்டது என்று சொல்ல, தண்ணீருக்கு நின்ற பெண்களை இழுக்கிறார்கள். உங்களுக்குக் குழாயடி தெரியாது. தெரிந்திருந்தால் இந்த ஒப்புமையைச் சொல்லியிருக்க மாட்டீர்கள்.

அங்கே ஒரு சண்டை எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். 1983 கோடை, மழை பொய்த்த வருடம். எனக்குப் பன்னிரண்டு வயது. ஐந்து நாளைக்கு ஒருமுறை தண்ணீர். எப்போது திறப்பார்கள் என்று தெரியாது என்பதால் முந்தின நாள் சாயங்காலமே வரிசை போட்டுவிடுவோம். ஆள் நிற்க முடியாத வீடுகளுக்கு ஓட்டைக் குடம் நிற்கும், உடைந்த வாளி நிற்கும், சில நேரம் ஒரு செங்கல் நிற்கும். செங்கல்லுக்கும் ஆளுக்குள்ள மரியாதை உண்டு. அந்த வரிசையில் ஒரு குடம் முன்பின் ஆனால் சண்டை. சத்தம் மூன்று தெருவுக்குக் கேட்கும். வாயில் வரும் வார்த்தைகளை நான் இங்கே எழுத முடியாது.

ஆனால் அந்தச் சண்டைக்கு ஒரு முடிவு இருந்தது. தண்ணீர் நின்றால் சண்டையும் நிற்கும். அது மட்டுமில்லை, விலக்கிவிட ஆள் இருந்தது. எங்கள் தெருவில் அது ஒரு ஆச்சி. தனிக்கட்டை, ஒரே ஒரு குடம்தான் பிடிப்பார், அதையும் கடைசியாகப் பிடிப்பார். அதனால் யார் முன்னே யார் பின்னே என்பதில் அவருக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. சண்டை முற்றும்போது எழுந்து வருவார். நியாயம் பேச மாட்டார். தன் குடத்தைக் கொண்டுவந்து இரண்டு பேருக்கும் நடுவில் 'ணங்'கென்று வைப்பார். 'தண்ணி நிக்கப் போவுது, புடிங்கட்டி' என்பார். அவ்வளவுதான். இரண்டு பேரும் முனகிக்கொண்டே குடத்தை எடுப்பார்கள். தோற்று அடங்கினேன் என்ற பெயர் இரண்டு பேருக்கும் கிடையாது. ஆச்சிக்காக விட்டோம் என்று வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம்.

அன்று என் அம்மாவுக்கும் எதிர்வீட்டு மதினிக்கும் சண்டை. எங்கள் ஓட்டைக் குடத்தை மதினி நகர்த்திவிட்டார் என்று அம்மாவும், அது தானாகவே உருண்டது என்று மதினியும். வழக்கமான சண்டைதான். நான் பக்கத்தில் நின்று அடுத்த குடத்தைக் கழுவிக்கொண்டிருந்தேன். திடீரென்று அம்மா ஒரு சொல் சொன்னாள். மதினிக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம், பிள்ளை இல்லை. என்ன சொல் என்று உங்களுக்குப் புரியும்.

சத்தமாகப் பேசிக்கொண்டிருந்த மதினி வாயை மூடிக்கொண்டார். தெருவே அடங்கியது. ஆச்சி எழுந்து வந்தார். அன்று குடத்தை நடுவில் வைக்கவில்லை. அம்மாவின் குடத்தில் விழுந்துகொண்டிருந்த தண்ணீரைத் திருகி அடைத்தார். ஐந்து நாளைக்கு ஒருமுறை வரும் தண்ணீரை அடைக்கத் தெருவில் யாருக்கும் துணிவு வராது. அடைத்துவிட்டுச் சொன்னார்: 'அது இந்தச் சண்டைக்குள்ள உள்ள சொல்லு இல்லட்டி.'

நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. வாய்ச்சண்டையைப் பற்றி அதைவிடச் சரியாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. குடத்தைப் பற்றிய சண்டையில் குடத்தைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். திருடி என்று சொல்லலாம், கண் அவிந்துபோச்சா என்று கேட்கலாம். அதெல்லாம் சண்டைக்குள் உள்ள சொற்கள், தண்ணீரோடு போய்விடும். எதிரில் நிற்பவரின் வாழ்க்கையில் எங்கே புண் இருக்கிறது என்று தெரிந்துவைத்துக்கொண்டு அங்கே குத்தும் சொல் அப்படியில்லை.

இப்போது உங்களிடம் வருகிறேன். வெண்டைக்காய்த் தண்ணீரைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. ஒரு ஃபார்வர்டை நம்பிச் சர்க்கரை மாத்திரையை நிறுத்தினால் ஆஸ்பத்திரியில் போய்த்தான் முடியும். மருந்துக்கடைக்காரர் நீங்கள் சொல்லாமல் யார் சொல்வது? 'இது தப்புடா, மாத்திரையை நிறுத்தாதே' என்று எழுதியிருந்தால் அவர் கோபப்பட்டிருந்தாலும் நான் உங்கள் பக்கம் நின்றிருப்பேன். நீங்கள் எழுதியது அதுவல்லவே. 'படிச்சவன்' என்று எழுதினீர்கள். பத்தாவதோடு நின்று அப்பாவின் தையல் மிஷினில் உட்கார்ந்த பையனிடம், அவனோடு படித்து மேலே போன 142 பேரும் பார்க்க எழுதினீர்கள். அந்த விவரத்தைக் கடிதத்தில் அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறீர்கள், எஸ். உங்கள் கடிதத்தில் முக்கியமான வரியே அதுதான், அதைப் போய் அடைப்புக்குறிக்குள் ஒளித்திருக்கிறீர்கள். அவர் தொட்டாற்சிணுங்கி இல்லை. முப்பத்தைந்து வருடமாக அவர் யாரிடமும் காட்டாத இடத்தில் உங்கள் கை பட்டது. தெரியாமல் பட்டது என்றே நம்புகிறேன். தெரியாமல் பட்டாலும் வலி வலிதான்.

சிரிப்பு முகம் போட்டேனே என்கிறீர்கள். அந்த முகம் பிறந்ததே இந்தத் தொல்லையைத் தீர்க்கத்தான். அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் மின்தூக்கி ஒன்றில் பாதரசம் சிந்தியதாக வேடிக்கைக்கு எழுதப்பட்டதைச் சிலர் நிஜ எச்சரிக்கை என்று எடுத்துக்கொண்டார்கள். வேடிக்கைக்கு ஓர் அடையாளம் வேண்டும் என்று பேச்சு எழுந்தது. 1982 செப்டம்பர் 19 அன்று ஸ்காட் ஃபால்மன் என்ற கணினி அறிவியலாளர் முக்காற்புள்ளி, சிறுகோடு, அடைப்புக்குறி மூன்றையும் சேர்த்துப் படுத்த வாக்கில் ஒரு சிரிப்பு முகம் செய்து, விளையாட்டாக எழுதினால் இதைப் போடலாம் என்றார். நல்ல மனதோடு செய்த காரியம். ஆனால் கண்ணீர் வரச் சிரிக்கும் இன்றைய முகத்தைப் பாருங்கள். நம்மோடு சேர்ந்து சிரிக்கிறதா, நம்மைப் பார்த்துச் சிரிக்கிறதா என்று யாருக்குத் தெரியும்? ஜஸ்டின் க்ரூகர், நிக்கலஸ் எப்லி முதலிய உளவியலாளர்கள் 2005இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மின்னஞ்சலில் கேலியாகச் சொன்னதையும் மெய்யாகச் சொன்னதையும் எதிராளி பிரித்தறிவாரா என்று சோதித்தார்கள். 78 சதவீதம் புரியும் என்று அனுப்பியவர்கள் நம்பினார்கள். படித்தவர்கள் சரியாகச் சொன்னது 56 சதவீதம். காசைச் சுண்டிப் பார்த்திருந்தாலே 50 வந்திருக்கும். எழுதும்போது நம் குரல் நம் காதில் ஒலிக்கிறது. அது எதிராளிக்கும் கேட்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம்.

இதைக்கூட மன்னித்துவிடலாம். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறொரு குழுவில் போட்டீர்களே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. உங்கள் நண்பரைத் தெரியாத, அவர் ஏன் படிப்பை விட்டார் என்று தெரியாத மருந்து வணிகர்களிடம் போய் நியாயம் கேட்டிருக்கிறீர்கள். அவர்கள் வேறென்ன சொல்வார்கள்? குழாயடியில் பேசிய பேச்சை யாரும் மடித்து எடுத்துக்கொண்டு போக முடியாது. வீட்டுக்குப் போய்ச் சொல்லும்போதே பாதி மாறிவிடும், மறுநாள் இன்னும் பாதி மறந்துவிடும். அந்த மறதியால்தான் மனிதர்கள் பக்கத்துப் பக்கத்து வீட்டில் வாழ முடிந்தது. நீங்கள் அந்தச் சொல்லை உலராமல் எடுத்துவைத்து ஊரூராகக் கொண்டுபோகிறீர்கள். முதலில் அந்தப் படத்தை அழியுங்கள்.

143 பேரில் ஒருவர், ஒரே ஒருவர், தன் குடத்தை நடுவில் வைத்திருக்கலாம். 'போதும்டா, ரெண்டு பேரும் போனை வச்சிட்டுத் தூங்குங்க' என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். உங்களுக்கு போன் போட்டு, அவனிடம் அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கக் கூடாது என்று அடைத்திருக்கலாம். எவரும் செய்யவில்லை. அறுபது செய்தி எழுத ஆள் இருந்தது. இந்த இடங்களைக் கட்டியவர்களுக்கும் விலக்கிவிடுபவரால் வருமானம் இல்லை. ஃபேஸ்புக் 2017இல் யார் பதிவை மேலே காட்டுவது என்று கணக்குப் போட்டபோது, ஒரு லைக்குக்கு ஒரு மதிப்பு என்றால் கோப முகம் முதலான முகங்களுக்கு ஐந்து மதிப்பு கொடுத்திருந்தது. 2021இல் அதன் உள் ஆவணங்கள் வெளியே வந்தபோது உலகத்துக்குத் தெரிந்தது. அதற்கு முன்பே கோப முகத்தின் மதிப்பைக் குறைத்திருந்தார்கள். அதுவரை, சண்டை பெரிதாக ஆகக் குழாயை இன்னும் திறந்துவிடும் ஆள் ஒருவர் அங்கே நின்றிருக்கிறார். எங்கள் ஆச்சி அடைத்தார்.

அந்த ஒன்பது நாள் என்னைத் தூங்கவிடவில்லை, எஸ். குழுவை விட்டு ஒருவர் போனால் அட்மினுக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்று 2022இல் வாட்ஸப் மாற்றியது. சத்தமில்லாமல் போக விரும்புகிறவர்களுக்கு அது வசதிதான். ஆனால் முப்பத்தைந்து வருட நண்பர் எழுந்து போய், ஒன்பது நாள் அவர் இல்லாததே தெரியாமல் இருந்திருக்கிறீர்கள். சண்டை போட்ட மறுதடவை மதினியின் குடம் வரிசையில் இல்லையென்றால் அம்மாவுக்கு அந்தக் காலையிலேயே தெரிந்துவிடும்.

அந்தக் குழாயடி சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. யார் தொடலாம், யார் தள்ளி நின்று இன்னொருவர் ஊற்றக் காத்திருக்க வேண்டும் என்று வைத்திருந்த தெருக்கள் இருந்தன. அந்தக் கொடுமைக்கு எந்த ஆச்சியும் தண்ணீரை அடைக்கவில்லை.

அந்தக் காலத்தில் இப்படியா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்படித்தான். வள்ளலாரின் பாடல்கள் அருட்பாவா மருட்பாவா என்று துண்டறிக்கைகளில் தொடங்கிய சண்டை 1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போனது. வள்ளலார் 1874இல் சித்தி அடைந்தார், அவரை எதிர்த்த யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1879இல் காலமானார். அதற்குப் பிறகும் இரண்டு பக்கத்தாரும் இருபதாம் நூற்றாண்டு பிறந்த பின்னும் எழுதித் தீர்த்தார்கள். சட்டம் வேண்டாமா என்பதற்கு ஒரு வரி போதும்: எரிச்சலூட்டும் செய்தி அனுப்பினால் சிறை என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66ஏ என்ற பிரிவு இருந்தது, அதை 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது, செய்தது சரி. குழுவிலிருந்து வெளியேறுவது உங்கள் இஷ்டம். அதனால் அவருக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை.

நான் சொல்வதைச் செய்வீர்களா? குழுவில் மன்னிப்பு எழுதாதீர்கள், அதையும் 142 பேர் வேடிக்கை பார்ப்பார்கள். வாட்ஸப்பில் தனியாகவும் அனுப்பாதீர்கள். ஒரு சட்டைத்துணி எடுங்கள். கடையை ஒரு மதியம் அடைத்துவிட்டு அவர் கடைக்குப் போய், தைக்கக் கொடுங்கள். அளவெடுக்க அவர் உங்கள் பக்கத்தில் வந்துதான் ஆகவேண்டும். தோளைத் தொட்டுத்தான் ஆகவேண்டும். அப்போது அவர் முகத்தைப் பாருங்கள், என்ன சொல்ல வேண்டும் என்பது தெரியும். உடனே பேசிவிடுவார் என்று எதிர்பார்க்காதீர்கள்.

அன்று சாயங்காலம் அம்மா கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு வைத்து, தூக்குவாளியில் ஊற்றி என்னிடம் கொடுத்தாள். 'மதினிகிட்ட குடுத்துட்டு வா, ஒண்ணும் பேசாத' என்றாள். மதினி வாங்கிக்கொண்டார், கதவைச் சாத்திக்கொண்டார். மன்னிப்பு என்ற சொல் எங்கள் தெருவில் புழங்கியதில்லை. அதன்பின் இரண்டு தடவை தண்ணீர் வந்தது. இரண்டு தடவையும் அடுத்தடுத்து நின்றார்கள், முகம் பார்க்கவில்லை. தூக்குவாளி திரும்பி வர பதினோரு நாள் ஆயிற்று. கழுவித் துடைத்து, உள்ளே ஒரு பிடி வறுத்த நிலக்கடலை போட்டிருந்தார் மதினி. எங்களுக்குப் பங்கு வைக்காமல் அம்மா எதையும் தின்று நான் பார்த்ததில்லை. அன்று மட்டும் அடுப்படியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, அந்தக் கடலையை ஒவ்வொன்றாகத் தோலுரித்து அவளே தின்றாள்.

அன்புடன்,
அக்கா